மதிப்பெண் பதிவேட்டில் எதை எழுதுவது, பெற்றோரிடம் எதைச் சொல்வது?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராகவும் கணித ஆசிரியராகவும் இந்த ஆண்டு பணியில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் 42 பிள்ளைகள். மதிப்பெண்களைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறோம். அதற்கு மேல் தனியாக ஒரு பதிவேடு எதற்கு? பெற்றோரைக் கூப்பிட்டால் பாதிப்பேர் வருவதில்லை. வருபவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அங்கேயே பிள்ளையை அடிக்கிறார்கள். இதை எப்படிக் கையாள்வது?

பதில்:

பெற்றோர் கை ஓங்குவதற்குப் பாதிக் காரணம் நாம் பதிவேடு எழுதும் முறைதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 27 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். முதல் பத்து ஆண்டுகள் நானும் அப்படித்தான் எழுதினேன். மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு நாள் கூப்பிட்டு, 100க்கு 38 என்று ஓர் எண்ணைக் கையில் கொடுக்கிறோம். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் அந்த மனிதர் அந்த 38ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பத்துப் பேர் முன்னிலையில் தலைகுனிவு. செய்வதற்கு ஒரு வேலையும் அதில் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்.

ஆகவே பதிவேட்டுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்று. ஒரு தாயோ தகப்பனோ திடீரென்று வகுப்பு வாசலில் வந்து நின்றால், நோட்டைத் திறந்து, விரலை ஒரு கட்டத்தில் வைத்து, 'உங்கள் பிள்ளைக்கு இது வருகிறது, இது வரவில்லை, வீட்டில் நீங்கள் இதைச் செய்யலாம்' என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். முடிந்தால் அது நல்ல பதிவேடு. முடியாவிட்டால், எவ்வளவு அழகாகச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாலும் அது ஆய்வுக்கு வரும் அலுவலருக்காக எழுதிய நோட்டு.

எமிஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பள்ளி மாறினாலும் அதன் எண் கூடவே போகிறது. வருகையும் மதிப்பெண்ணும் ஓரிடத்தில் சேர்கின்றன. அது துறைக்குத் தேவையான கணக்கு. உங்களுக்குத் தேவையான கணக்கு வேறு. ஏன் வேறு என்பதை நம் மதிப்பீட்டு முறையிலேயே காட்டுகிறேன்.

2012-13ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வரை முப்பருவ முறை வந்தபோது, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் கூடவே வந்தது. பருவத்துக்கு 100 மதிப்பெண். அதில் பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீடு 60, பருவத்தின் போக்கிலேயே நடக்கும் வளரறி மதிப்பீடு 40. அந்த 40இல் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20. நான்கு சிறுதேர்வுகளை வைத்து, ஒவ்வொன்றையும் 10 மதிப்பெண்ணுக்குத் திருத்தி, சிறந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் காய்ச்சலில் எழுதிய பிள்ளை அடிபடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதி. ஆனால் இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருத்தி நான்கு தேர்விலும் 9, 8, 8, 7 வாங்கியிருக்கிறாள். இன்னொருவன் 9, 2, 8, 3. சிறந்த இரண்டைக் கூட்டினால் இருவருக்கும் 17. தளத்தில் ஏறுவது 17, முன்னேற்ற அறிக்கையில் வருவது 17. இரண்டாமவனுக்கு இரண்டு பாடம் சுத்தமாகத் தெரியாது என்ற செய்தி அந்த 17க்குள் புதைந்துவிட்டது. அந்த 2 எந்தப் பாடத்தில், அந்த 3 எந்தப் பாடத்தில் என்று எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் தனி நோட்டு.

இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். தேர்வுவாரியாக எழுதுவதும் போதாது, வினாவாரியாக எழுத வேண்டும். இதை நான் ஒரு பையனிடம் கற்றேன்.

அவனுடைய சிறுதேர்வு மதிப்பெண்கள் 4, 5, 4, 5. இரண்டு மாதம் அவனைச் 'சுமார்' என்று மனத்தில் முத்திரை குத்தி வைத்திருந்தேன். அந்த ஆண்டுதான் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு திறனுக்கும் ஒரு குறி போடத் தொடங்கியிருந்தேன். தானாகச் செய்தால் நிறைத்த வட்டம், உதவியோடு செய்தால் பாதி வட்டம், வராவிட்டால் வெறும் வட்டம். ஒரு சனிக்கிழமை அவன் வரிசையைப் பார்க்கிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், பின்னம் எல்லாம் நிறைத்த வட்டம். வகுத்தல் வரும் இடங்களில் மட்டும் ஒன்று நிறைந்தும் ஒன்று வெறுமையாகவும் கிடந்தன. விடைத்தாள்களை மறுபடி எடுத்தேன். 84ஐ 4ஆல் வகுத்தது சரி. 936ஐ 3ஆல் வகுத்தது சரி. 612ஐ 6ஆல் வகுத்து 12 என்று எழுதியிருந்தான். 2,135ஐ 7ஆல் வகுத்து 35 என்று எழுதியிருந்தான். 102 என்றும் 305 என்றும் வந்திருக்க வேண்டும். ஈவின் நடுவில் பூஜ்யம் வரும் கணக்குகள் மட்டும், தவறாமல், தவறாகியிருந்தன. பக்கத்தில் உட்கார வைத்து வாய்விட்டுச் செய்யச் சொன்னேன். "ஆறில் ஆறு ஒரு தடவை. ஒன்றில் ஆறு போகாது. இரண்டை இறக்கினால் பன்னிரண்டு. இரண்டு தடவை" என்றான். 'போகாது' என்று சொன்ன இடத்தில் ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்ன அன்று அவன் வரவில்லை. சராசரி, சதவீதம், அலகு விலை என்று ஏழாம் வகுப்பில் பாதிப் பாடம் வகுத்தலில்தான் போய் முடிகிறது. ஒரு பூஜ்யம் அவனுடைய பாதி மதிப்பெண்ணைத் தின்றுகொண்டிருந்தது. நான் அவனைச் 'சுமார்' என்று எழுதி வைத்திருந்தேன்.

அவனுடைய அம்மா பூக்கட்டி விற்பவர். வரச் சொன்னேன். வந்ததும் "என்ன சார், குறும்பு செய்கிறானா?" என்றுதான் கேட்டார். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் புகாருக்குத்தான் என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். நோட்டைக் காட்டவில்லை. "612 ரூபாயை ஆறு பேர் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய் வருமா அம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அது எப்படி சார்? நூறு ரூபாய்க்கு மேல் வருமே" என்றார். "இதைத்தான் உங்கள் பையன் யோசிக்காமல் எழுதுகிறான். இரவு வசூலை எண்ணும்போது, இதை இத்தனை பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று அவனிடம் கேளுங்கள். சரியாகச் சொல்ல வேண்டாம், குத்துமதிப்பாகச் சொன்னால் போதும்" என்றேன். மூன்று வாரத்தில் அந்த வெறும் வட்டங்கள் நிறைந்தன. அவனுக்கு 4 என்று மட்டும் என் நோட்டில் இருந்திருந்தால் அந்த அம்மாவிடம் 'வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள்' என்று சொல்லி அனுப்பியிருப்பேன். எதைக் கவனிப்பது?

42 பேருக்கும் எல்லா வினாவையும் இப்படிக் குறிக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எல்லா வினாவும் வேண்டாம். ஒவ்வொரு சிறுதேர்விலும் உங்களுக்கு முக்கியம் என்று படும் இரண்டு திறன்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். திருத்தும்போதே குறி போட்டுவிட்டால் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும். திருத்தி முடித்து அடுக்கிவிட்டு மறுபடி எடுத்தால்தான் அது இரட்டை வேலை. தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இது புதிதும் அல்ல. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அவர்கள் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைக் கொண்டுதான் பார்க்கிறார்கள். உங்கள் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு நடத்துபவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நான் எழுதுவதைவிடத் தெளிவாகப் புரியும்.

நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. அட்டை போட்ட நீள நோட்டு போதும். முன்பாதியில் வகுப்பு முழுவதற்குமான கட்டங்கள். பின்பாதியில் பிள்ளைக்கு ஒரு பக்கம். கட்டங்களின் தலையில் தேதி, பாடம், எத்தனைக்கு எத்தனை என்பவை கட்டாயம். 'தேர்வு 3' என்று மட்டும் எழுதி வைத்தால் நவம்பரில் உங்களுக்கே அது என்னவென்று தெரியாது. பிழையானால் ஒரு கோடு அடித்துச் சுருக்கொப்பமிடுங்கள், ஒயிட்னர் பூசாதீர்கள். பிள்ளைக்கான பக்கத்தில் மதிப்பெண்ணே வேண்டாம். தேதி போட்டு ஒரு வரி. 'எதிர்ம எண்ணைக் கழிக்கும்போது குறியை மாற்ற மறக்கிறாள்.' 'அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார், பாட்டியிடம் இருக்கிறான்.' 'கரும்பலகை தெரியவில்லை போலிருக்கிறது, முன்வரிசைக்கு மாற்றினேன்.' இந்தக் கடைசி வரி நான் எழுதியது. அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கியதும் மதிப்பெண் தானாக ஏறியது. அதற்கு நான் எந்தப் பாடத்தையும் திரும்ப நடத்தவில்லை.

கணினியிலோ கைபேசியிலோ எக்செல் போன்ற விரிதாளில் எழுதுவதானால் ஒரே ஓர் எச்சரிக்கை. வராத பிள்ளைக்குப் பூஜ்யம் போடாதீர்கள். 78, 82, 80, 85 வாங்கிய பிள்ளை ஒரு தேர்வுக்கு வரவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டால் சராசரி 81.25. பூஜ்யம் போட்டால் 65. விரிதாளின் சராசரிச் சூத்திரம் வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். 'வரவில்லை' என்று எழுத்தில் எழுதினாலும் அதைக் கணக்கில் எடுக்காது. ஆகவே எழுத்தில் எழுதுங்கள். பூஜ்யம் என்றால் எழுதினான், ஒன்றும் வரவில்லை என்று பொருள். வராதது வேறு செய்தி. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில் கிடக்கும். மதிப்பெண் நோட்டையும் வருகைப் பதிவேட்டையும் மாதம் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பெண் நன்றாகப் படிப்பவள். ஆனால் சிறுதேர்வுக் கட்டங்களில் பாதி வெறுமை. பயந்து வராமல் இருக்கிறாள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தேர்வு இல்லாத வெள்ளிக்கிழமைகளிலும் அவள் வரவில்லை. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை சந்தை. அம்மா கீரைக்கட்டு கொண்டுபோவார். கைக்குழந்தையை இவள் பார்த்துக்கொள்வாள். நான் எல்லாத் தேர்வையும் வெள்ளிக்கிழமைதான் வைத்துக்கொண்டிருந்தேன், சனி ஞாயிறில் திருத்தலாம் என்ற வசதிக்காக. தேர்வைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். சந்தையை மாற்ற என்னால் முடியாது. குழந்தையை அங்கன்வாடியில் விடலாம் என்று அந்த அம்மாவிடம் பேசி ஏற்பாடு செய்ய அரையாண்டு வரை ஆயிற்று.

செயல்பாட்டு மதிப்பெண்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கடையில் வாங்கி ஒட்டிய படத்துக்கு 42 பேருக்கும் பத்துக்கு ஒன்பது போடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. போடுங்கள், ஆனால் அதைப் பார்த்து நீங்களே ஏமாறாதீர்கள். ஒழுங்கீனத்துக்கும் தாமதத்துக்கும் கணக்குத் தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கும் வழக்கத்தை மட்டும் அடியோடு விடுங்கள். குறைத்தால் அந்த எண் கணக்கைப் பற்றியும் பேசாது, ஒழுக்கத்தைப் பற்றியும் பேசாது.

இனி பெற்றோர்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் என்று நாம் சொல்லும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆசிரியரின் கடமைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றையும் தொடர்புள்ள பிற செய்திகளையும் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மதிப்பெண் என்ற சொல் அந்த வரியில் கிடையாது. நாம்தான் அந்த நான்கையும் ஓர் எண்ணாகச் சுருக்கிவிட்டோம்.

பெற்றோரும் எண்ணைத்தான் கேட்பார்கள், அதுவும் உண்மை. "எத்தனாவது ரேங்க் சார்?" தரநிலை முறை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், அட்டையில் ரேங்க் என்ற கட்டமே இல்லாமல் போயும், ஊரில் அதற்கு இன்றும் ரேங்க் கார்டு என்றுதான் பெயர். அதைத் திருத்தப் போகாதீர்கள். "ரேங்க் இப்போது இல்லை அம்மா, ஆனால் போன மாதத்தைவிட எப்படி என்று சொல்கிறேன்" என்று பேச்சைத் திருப்புங்கள். தரநிலை எழுத்துகளையும் சற்று விளக்க வேண்டும். 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2, 71 முதல் 80 வரை பி1 என்று போகிறது. 71 வாங்கியவளும் 80 வாங்கியவளும் பி1. 80க்கும் 81க்கும் நடுவில் ஒரு மதிப்பெண்தான், ஆனால் எழுத்து மாறிவிடுகிறது. போன பருவம் ஏ2, இந்தப் பருவம் பி1 என்று பார்த்துக் கண் கலங்கிய ஒரு தகப்பனிடம் 82இலிருந்து 79க்கு வந்திருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பெற்றோர் வந்தால் நோட்டை அப்படியே திறந்து வைக்காதீர்கள். அவர் கண் தன் பிள்ளையின் வரிசைக்குப் போவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வரிசைக்குப் போகும். நான் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை எடுத்து, நீளவாக்கில் ஒரு வரி மட்டும் தெரியும்படி சன்னல் வெட்டி வைத்திருந்தேன். நோட்டின் மேல் அதை வைத்தால் ஒரு பிள்ளையின் வரிசை மட்டும் தெரியும். ஓய்வு பெறும் வரை அதே அட்டைதான். ஓரத்தில் மணமகன் பெயரில் பாதி தெரிந்துகொண்டே இருக்கும். இதே காரணத்துக்காக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 42 பேரின் மதிப்பெண்ணையும் படம் பிடித்துப் போடும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்கள் தரவுக்குத் தனிக் காப்பு வைத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடைசி வரியில் தன் பெயரைப் பார்க்கும் பிள்ளை மறுநாள் எப்படிப் பள்ளிக்கு வரும்?

பேசும்போது என் வரிசை இது: முதலில் வருவது, அதுவும் குறிப்பாக. 'நல்ல பையன்' என்பது செய்தி அல்ல; 'பின்னம் கூட்டுவதில் வகுப்பில் யாரையும் கேட்க வேண்டியதில்லை' என்பது செய்தி. அடுத்து வராதது, ஒன்றே ஒன்று. ஐந்து குறைகள் இருந்தாலும் அன்றைக்கு ஒன்றுதான். அதன்பின் வீட்டில் அவர் செய்யக்கூடியது. படிக்காதவராக இருந்தாலும், இரவு பத்து மணிக்கு வேலையிலிருந்து வருபவராக இருந்தாலும் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். கடைசியாக, நான் செய்யப்போவது என்ன, மறுபடி எப்போது பேசுவேன் என்பது. அந்தத் தேதியை நோட்டில் அவர் கண்முன்னால் எழுதுவேன். 'கவனம் போதாது', 'விளையாட்டுப் புத்தி', 'இன்னும் முயல வேண்டும்' என்ற சொற்களை நான் ஒரு கட்டத்துக்குப் பிறகு பேசுவதையும் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். கேட்பவருக்கு அவற்றிலிருந்து செய்வதற்கு எதுவும் கிடைப்பதில்லை.

"நீங்களே நாலு அடி போடுங்கள் சார், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று பெருந்தன்மையாக உரிமம் கொடுக்கும் பெற்றோரும் வருவார்கள். மேலே சொன்ன சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெற்றோரே கேட்டாலும் அந்தத் தடை நீங்காது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அவர் அங்கேயே அடிப்பதைத் தடுக்க இரண்டு வழிகள் எனக்குப் பலித்திருக்கின்றன. முதலாவது, பிள்ளையை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு குறையைப் பேசாமல் இருப்பது. வருவதைச் சொல்லும்போது பிள்ளை இருக்கட்டும். அதன்பின் 'போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா' என்று அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, பருவத் தேர்வு முடியும் வரை காத்திருக்காமல் இருப்பது. அடி பெரும்பாலும் அதிர்ச்சியிலிருந்து வருகிறது. நான்காவது வாரத்திலேயே 'வகுத்தலில் இப்படி ஒன்று இருக்கிறது, சரி செய்துகொண்டிருக்கிறோம்' என்று கேட்டுவிட்ட தகப்பனுக்குப் பருவ இறுதியில் வரும் மதிப்பெண் புதிய செய்தி அல்ல.

சிறுசிறு செய்தியாக, அடிக்கடி சொல்வது பலன் தருகிறதா என்று அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 22 பள்ளிகளில், மின்னணு மதிப்பெண் பதிவேட்டிலிருந்து தானாகவே பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும்படி பீட்டர் பெர்க்மன், எரிக் சான் என்ற ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஒப்படைக்காத வேலை, தவறவிட்ட வகுப்பு, குறைந்த மதிப்பெண் ஆகிய மூன்றையும் பற்றித்தான் செய்தி. பாடத்தில் தோல்வி 28 சதவீதம் குறைந்தது. வகுப்பு வருகை 12 சதவீதம் கூடியது. மாநில அளவிலான பொதுத்தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறதா, வேலையை முடித்ததா என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள முடியும். ஈவில் பூஜ்யம் விட்டுப்போவதை ஒரு குறுஞ்செய்தி கண்டுபிடிக்காது. அதற்கு நீங்கள்தான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பாதிப்பேர் வருவதில்லை என்கிறீர்கள். காலை 11 மணிக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்கள்? ஒரு நாள் கூலி போய்விடுமே. யார் எப்போது கிடைப்பார்கள் என்பதைப் பிள்ளைக்கான பக்கத்தின் தலையில் முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். சிலரைக் காலையில் பிள்ளையை விட வரும்போது வாசலிலேயே பிடிக்கலாம். சிலருக்கு இரவு ஏழரைக்குத் தொலைபேசி. படிக்கத் தெரியாதவருக்கு எழுத்துச் செய்தி அனுப்பினால் அதைப் பிள்ளைதான் படித்துக் காட்டும். என்ன படிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். துபாயில் இருக்கும் ஒரு தகப்பன் என் குரல் பதிவை மூன்று தடவை கேட்டதாக அடுத்த விடுமுறையில் வந்து சொன்னார். வாரத்துக்கு ஐந்து குடும்பம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வாரத்தில் 42 பேரையும் ஒரு சுற்று முடித்துவிடலாம். ஒரு பருவத்துக்குள் அடங்கிவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டையும் அந்தச் சுற்றில் சேருங்கள். அங்கிருந்துதான் 'சார் கூப்பிட்டால் புகார் மட்டும் அல்ல' என்ற பேச்சு ஊருக்குள் பரவும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தனிப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பேச வேண்டாம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். ஒருவர் பிள்ளையை இன்னொருவர் முன்னால் வைத்ததாகிவிடும். 'ஏழாம் வகுப்பில் 15 பேருக்கு வகுத்தலில் சிக்கல், மாலை அரை மணி நேரம் கூடுதலாக நடத்தப் போகிறேன்' என்று பொதுவாகச் சொன்னால் அங்கே உதவி கிடைக்கும்.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னேற்ற அறிக்கையில் அப்பா கையெழுத்து ஆண்டு முழுதும் அச்சுப் போல ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். வேலைக்குப் போய்வந்து அவசரத்தில் போடும் கையெழுத்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். கண்டுபிடித்தால் ஊரைக் கூட்டாதீர்கள். வீட்டில் காட்ட அந்தப் பிள்ளை ஏன் பயந்தது என்பதைக் கேட்டு அதையும் அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நானும் எட்டாம் வகுப்பில் ஒருமுறை போட்டிருக்கிறேன். என் ஆசிரியர் கண்டுபிடித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

பிள்ளைகளிடம் சிறுதேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உங்கள் நோட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, தாளில் குறிப்பை மட்டும் எழுதிப் பாருங்கள். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணையும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணவில்லை. என் வகுப்பிலும் பார்த்ததுதான். எண் இருந்தால் பக்கத்துப் பையனின் எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். எண் இல்லாவிட்டால் வேறு வழியின்றி, நாம் என்ன எழுதியிருக்கிறோம் என்று படிப்பார்கள். முதல் வாரம் "எவ்வளவு சார், எவ்வளவு சார்" என்று நச்சரிப்பார்கள். கேட்பவருக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரலில் இந்த நோட்டு உங்கள் அலமாரிக்குள் போய்விடக் கூடாது. எட்டாம் வகுப்புக்கு வருபவரிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது பிள்ளைகளுக்கான பக்கங்களையாவது படியெடுத்துக் கொடுங்கள். ஆறாம் வகுப்பில் இவர்களுக்குக் கணக்கு நடத்தியவர் இப்போதும் உங்கள் பள்ளியில்தான் இருப்பார். அவர் எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார். ஆனால் எல்லாம் தலைக்குள் இருக்கும். நாளை இடைவேளையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வருகைப் பதிவேட்டிலிருந்து 42 பெயரையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.